ஜெலட்டின் தட்டில் ஒரு துண்டறிக்கை: எங்கள் குறும்படத்துக்காகச் செய்த கள்ள அச்சகம்

நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் குறும்படத்தில் அரசாங்கம் எல்லா அச்சுக் கருவிகளையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதற்கு ஓர் எண் உண்டு. அது அடிக்கும் ஒவ்வொரு தாளிலும் அந்த எண் கண்ணுக்குத் தெரியாமல் பதிகிறது, அந்தத் தாள் எந்த மூலையில் கிடைத்தாலும் சரி, பொழுது விடிவதற்குள் அடித்தவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்கள். இப்படி ஒரு நாட்டில், காணாமல்போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று ஒரு பெண்ணின் கைக்கு வருகிறது. அதைத் துண்டறிக்கையாக அச்சடித்து வீடு வீடாகச் சேர்க்க வேண்டும். கதை அவ்வளவுதான், துப்பாக்கியும் துரத்தலும் கிடையாது. அவள் எதை வைத்து அச்சடிப்பாள் என்ற கேள்வி மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது, ப்ராப்பர்ட்டி வேலை, அதாவது காட்சியில் வரும் பொருட்களைத் தயார் செய்வது, என்னுடையது என்பதால்.

முதலில் எல்லோரும் சொன்னது, "பிரிண்டர்ல அடிச்சு நடிகை கையில குடுத்துடலாம், ஏதோ மெஷின்ல இருந்து எடுக்கற மாதிரி காட்டிக்கலாம், யாரு கவனிக்கப் போறா?" இயக்குநரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொடுங்கோல் ஆட்சியைப் பற்றிய படங்களில் எதிர்ப்பு பெரும்பாலும் ஒரு முழக்கமாகவோ ஒரு வெடிப்பாகவோ வந்துவிடுகிறது. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பேசுவார், ஏதோ ஒரு கட்டிடம் சரியும், மக்கள் எழுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை நிறுத்திக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தாள் தாளாக எடுத்து அடுக்கியிருப்பார் இல்லையா, அந்த வேலைதான் என்னைப் பொறுத்தவரை எதிர்ப்பு. அது திரையில் நிஜமாகவே நடக்க வேண்டும். வெறும் தாள் கேமராவுக்கு முன்னாலேயே எழுத்துள்ள தாளாக மாற வேண்டும். இதைச் சொன்னதும் இயக்குநர், "செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

கதையில் வரும் அரசாங்கம் முழுக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ருமேனியாவில் சர்வாதிகாரி சவ்செஸ்குவின் ஆட்சி 1983ல் ஒரு ஆணையே போட்டது: தட்டச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் துறையிடம் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும், அந்தப் பொறியின் எழுத்து மாதிரியையும் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டச்சுப்பொறியிலும் ஓர் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், இன்னொன்று லேசாகத் தேய்ந்திருக்கும், அதை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. தாளில் பதியும் ரகசிய எண்ணும் கற்பனை இல்லை. கலர் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில், அடிக்கும் தாள் முழுக்கக் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகள் விழுகின்றன. 2005ல் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு ஒரு ஜெராக்ஸ் மாடலின் புள்ளிகளைப் பிரித்துப் படித்துக் காட்டியது. 15க்கு 8 என்ற கட்டத்துக்குள் கருவியின் வரிசை எண்ணும், அச்சடித்த தேதியும் நேரமும் அடங்கியிருந்தன. கள்ளநோட்டைப் பிடிக்க வந்த ஏற்பாடு. அது ஒரு கொடுங்கோலன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் படத்தின் விதை.

ஆக, மின்சாரக் கருவி எதையும் அவள் தொட முடியாது. பழைய வழிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சோவியத் ஒன்றியத்தில் தடை செய்யப்பட்ட எழுத்துகளை மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்டார்கள். பார்க்க நன்றாக இருக்கும்தான், ஆனால் ஒரு தடவை அடித்தால் ஒரு கைப்பிடிப் பிரதிகள்தான் கிடைக்கும், தட்டச்சுச் சத்தம் வேறு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ம்யூனிக்கில் 1942லும் 43லும் ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் இருவரும் நண்பர்களோடு சேர்ந்து ஹிட்லர் ஆட்சிக்கு எதிராக நடத்திய வெள்ளை ரோஜா இயக்கம் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு துண்டறிக்கைகளை வெளியிட்டது. 1943 பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகத்தில் ஆறாவது அறிக்கையைப் பரப்பும்போது அண்ணனும் தங்கையும் பிடிபட்டார்கள், நான்கே நாளில் கொன்றுவிட்டார்கள். அந்த வரலாற்றைப் படித்துவிட்டு இந்த வேலையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இயந்திரம் என்றால் எங்கள் கதையில் அதற்கும் பதிவு எண் இருக்கும். கடைசியில் மனசில் நின்றது ஹெக்டோகிராஃப், அதாவது ஜெலட்டின் தட்டு. இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் அடைபட்டிருந்த விமானப்படை வீரர்கள் தப்பிப்பதற்கான வரைபடங்களை ஜெலட்டினை வைத்துத்தான் நகலெடுத்தார்கள். முள்வேலிக்குள் செய்ய முடிந்ததை எங்கள் நாயகி சமையலறையில் செய்ய முடியாதா என்ன?

வேலை செய்யும் விதம் எளிமையானது. சாயம் நிறைந்த மையால் எழுதிய தாளை ஜெலட்டின் பரப்பின் மேல் கவிழ்த்து வைத்தால் சாயத்தின் பெரும்பகுதி ஜெலட்டினுக்குள் இறங்கிவிடும். பிறகு வெறும் தாளை அதன்மேல் வைத்துத் தேய்த்து எடுத்தால், இறங்கிய சாயத்தில் ஒரு மெல்லிய படலம் தாளுக்கு ஏறிவரும். அடுத்த தாளுக்கு இன்னொரு படலம். சாயம் தீரும்வரை இப்படியே எடுக்கலாம். சக்கரம், உருளை, மின்சாரம் எதுவும் வேண்டாம்.

துண்டறிக்கை ஏ5 அளவு என்பதால், அதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கும் கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். உலோகத் தட்டும் போதும், ஆனால் கண்ணாடி என்றால் கீழிருந்து வெளிச்சம் விடலாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அளவுகள் இவை: சுவையூட்டாத ஜெலட்டின் தூள் 50 கிராம், குளிர்ந்த தண்ணீர் 150 மில்லி, கிளிசரின் 300 மில்லி. தட்டில் ஊற்றும்போது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும், அதற்குக் குறைய வேண்டாம்.

ஜெலட்டினைத் தண்ணீரில் தூவி அப்படியே விட்டுவிடுங்கள், கிளற அவசரப்பட வேண்டாம். அரை மணி நேரத்தில் தண்ணீரையெல்லாம் குடித்து ஊதி ஒரே கட்டியாக ஆகிவிடும். கிளிசரினை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பாத்திரத்தைக் கொதிக்கும் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடாக்கிக்கொண்டு, ஊறிய ஜெலட்டினைத் துண்டு துண்டாக அதில் போட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். நேரடித் தீயில் வைக்காதீர்கள். நெடுநேரம் கொதித்தால் ஜெலட்டினின் இறுகும் சக்தி குறைந்துவிடும், ஆறினாலும் சரியாக இறுகாது. கலக்கும்போது நுரை கிளப்பாமல் கரண்டியை அடியோடு ஒட்டி நகர்த்துங்கள். முழுவதும் கரைந்து தேன் நிறத்தில் தெளிந்ததும் வெந்நீரிலேயே இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் உள்ளே சிக்கிய காற்றெல்லாம் மேலே வந்துவிடும்.

ஊற்றும் இடம் மட்டமாக இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் சரிந்து இறுகிவிட்டால் தாள் முழுக்க ஒரே அழுத்தத்தில் படாது, ஓரத்து எழுத்து வெளிறும். ஊற்றியதும் மேலே குமிழிகள் மிதக்கும். ஒரு கெட்டித் தாளின் ஓரத்தைப் பரப்பின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பில் இழுத்தால் குமிழிகள் ஓரத்துக்குப் போய்விடும், இதைத் தோல் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். பிறகு தூசி படாமல் மூடி, ஓர் இரவு அசைக்காமல் விட்டேன்.

காலையில் விரலால் தொட்டால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும், விரலில் எதுவும் ஒட்டக் கூடாது. கிளிசரின் எதற்கு, வெறும் தண்ணீரில் செய்தால் என்ன என்று படக்குழுவில் ஒருவர் கேட்டார். தண்ணீர் மட்டும் இருந்தால் சில நாளில் உலர்ந்து சுருங்கிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதால் பரப்பு எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கும், தாள் சாயத்தை வாங்குவதற்கு அந்த ஈரம்தான் காரணம். வெயில் நேரத்திலோ விளக்குகளுக்கு நடுவிலோ வேலை என்றால் ஜெலட்டினைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தூளின் இறுகும் திறனும் சரக்குக்குச் சரக்கு மாறும், அதனால் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் செய்து பார்த்துவிடுவது நல்லது.

மைதான் அடுத்த கேள்வி. சாதாரண பேனா மை, பால்பாயின்ட் எதுவும் சரிவராது. அந்தக் காலத்தில் இதற்கென்றே அனிலின் சாய மையும், ஈரம் பட்டால் சாயம் விடும் காப்பியிங் பென்சிலும் இருந்தன. இன்று எளிதாகக் கிடைப்பது பச்சை குத்துபவர்கள் டிசைனைத் தோலுக்கு மாற்றப் பயன்படுத்தும் ஊதா நிற ஸ்டென்சில் தாள். அதில் இருக்கும் ஊதா கார்பன் நமக்கு வேண்டிய அதே ஜாதிதான். ஆனால் அந்தத் தாளை வந்தபடியே வைத்து எழுதினால் வேலைக்கு ஆகாது, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஸ்டென்சில் தாளில் கார்பன் மேல்நோக்கி இருக்கும். நீங்கள் மேல்தாளில் எழுதினால் சாயம் அந்தத் தாளின் முதுகில் ஏறும், அதாவது எழுத்து இடவலம் மாறி ஏறும். அதை ஜெலட்டினில் கவிழ்த்தால் ஜெலட்டினில் எழுத்து நேராக விழும், அதிலிருந்து எடுக்கும் பிரதிகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வரும். நமக்கு வேண்டியது இதற்கு நேரெதிர். ஆகவே கார்பன் தாளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, நல்ல வழவழப்பான வெள்ளைத் தாளின் மேல் கார்பன் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, அதன்மேல் கெட்டியான முனையால் அழுத்தி எழுத வேண்டும். இப்போது வெள்ளைத் தாளின் முகத்தில் எழுத்து நேராக இருக்கும், ஜெலட்டினில் இடவலம் மாறும், பிரதியில் மறுபடி நேராகும். அடியில் கண்ணாடி போன்ற கடினமான பரப்பு இருந்தால் சாயம் திடமாக ஏறும்.

எழுதுவது எப்படி என்பதில் கதைக்கும் ஒரு வாசல் திறந்தது. கையெழுத்தில் எழுதினால் அரசாங்கம் கையெழுத்தை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கும். அதனால் எழுத்து வெட்டிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை அவள் கையில் கொடுத்தோம். ஒவ்வொரு எழுத்தையும் துளைக்குள் முனையை விட்டு வரைகிறாள், தகட்டை நகர்த்துகிறாள், அடுத்த எழுத்து. ஒரு பெயரை எழுதி முடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. திரைக்கதையில் "அவள் பட்டியலை நகலெடுக்கிறாள்" என்று ஒற்றை வரியாக இருந்தது, படப்பிடிப்பில் படத்தின் மிக நீளமான ஷாட்டுகளில் ஒன்றாகிவிட்டது. ஒரு பெயரின் முதல் எழுத்தில் தொடங்கி கடைசி எழுத்துவரை வெட்டாமல் காட்டியிருக்கிறோம், அந்தப் பெயருக்குரிய ஆள் யார் என்று படத்தில் எங்குமே சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஷாட் அது.

அச்சடிக்கும்போது முதலில் ஸ்பாஞ்சைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பரப்பை ஒருமுறை துடைக்க வேண்டும், உடனே ஒரு வெற்றுத் தாளை வைத்து மிஞ்சிய ஈரத்தை எடுத்துவிட வேண்டும். ஈரம் தங்கினால் எழுத்து கசிந்து பரவும், காய்ந்திருந்தால் சாயம் இறங்காது. மூலத்தாளைக் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி, மூன்று நான்கு நிமிடம் விட்டு, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தால் ஜெலட்டினில் ஊதா எழுத்து இடவலம் மாறி நிற்கும். முதல் பிரதிக்குத் தாளை வைத்து நீவிய உடனே எடுத்துவிட வேண்டும், நேரம் கொடுத்தால் ஒரே தாள் பாதிச் சாயத்தைத் தின்றுவிடும். போகப்போக ஒவ்வொரு தாளுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், முப்பதைத் தாண்டினால் அரை நிமிடம்கூடப் பிடிக்கும். எங்களுக்கு ஒரு மூலத்தாளிலிருந்து வாசிக்கத்தக்க பிரதிகள் 40ஐ ஒட்டி வந்தன. வழவழப்பான தாள்தான் நன்றாக வாங்குகிறது, சொரசொரப்பான தாளில் எழுத்து உடைகிறது.

செய்து காட்டினேன். இயக்குநர் முதல் தாள் உரிந்து வந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளை அவரே எடுத்து வைத்தார், பிறகு அடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கடைசித் தாள் ஏன் இப்படி மங்குது? இதையே கதையா வெச்சுக்கலாமே" என்றார்.

அந்த மங்கலை அப்படியே கதையில் எடுத்துக்கொண்டோம். முதல் பிரதி கருநீலம் கலந்த அழுத்தமான ஊதா, பத்தாவது நல்ல ஊதா, முப்பதாவது லேசான ஊதா, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்தால்தான் படிக்க முடியும். யார் கைக்கு எந்தப் பிரதி போகிறது என்பதை இப்போது ஒரு வரிசையாக்கி வைத்திருக்கிறோம். தைரியமாக வாங்கிக்கொள்ளும் முதல் வீட்டுக்காரருக்கு அழுத்தமான தாள், பயந்து கதவைப் பாதி திறக்கும் கிழவருக்கு நடுத்தரம், கடைசியாக, தன் மகன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடும் தாய்க்கு ஏறக்குறைய வெறும் தாள். அவள் ஜன்னலோரம் போய்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இந்தக் காட்சி திரைக்கதையில் இருந்ததே கிடையாது. கன்டினியூட்டிக்காகப் பிரதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் வரிசை எண் போட்டு வைத்தேன், இல்லாவிட்டால் டேக்குக்கு டேக் தாளின் அழுத்தம் மாறி எடிட்டிங்கில் மாட்டிக்கொள்வோம்.

சாயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த ஊதா தோலில் பட்டால் சோப்புக்கு அசையாது, நாள் கணக்கில் நிற்கும். ஒத்திகையிலும் தயாரிப்பிலும் எல்லோரும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டோம். கதையில் அந்தப் பெண்ணுக்குக் கையுறை கிடையாது என்பதால், ஷாட் எடுக்கும்போது மட்டும் தாளின் மூலைகளை மட்டுமே தொடும்படி நடிகைக்குப் பழக்கிவிட்டோம். விரலில் தெரிய வேண்டிய கறை மேக்கப் நிறமி. அந்தக் கறை கதைக்கு அவசியம், சோதனைச் சாவடியில் அதிகாரி அவளைக் கையை நீட்டச் சொல்கிறான். இப்படி அச்சடிப்பவர்களுக்கு உண்மையிலேயே இருந்த ஆபத்து அது, கை கழுவினாலும் போகாத சாட்சி.

இன்னொரு சாட்சி ஜெலட்டின் கட்டியே. அச்சடித்து முடித்ததும் எழுத்து பரப்பிலிருந்து மறையாது. வெதுவெதுப்பான ஸ்பாஞ்சால் துடைத்தால் மேலே இருப்பது போகும், மிச்சம் ஒன்றிரண்டு நாளில் மெல்ல உள்ளே இறங்கிப் பரவி ஒரு ஊதா மூட்டமாகிவிடும், அப்போதுதான் பரப்பு மறுபடி வேலைக்குத் தயார். அதுவரைக்கும் வீட்டைச் சோதிக்க வருபவன் ஒரு கண்ணாடியைக் காட்டினால் எல்லாப் பெயரையும் படித்துவிடலாம். படத்தில் அப்படி ஒருவன் வருகிறான். அவன் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் அவள் கட்டியை வெட்டிப் பாத்திரத்தில் போட்டு உருக்குகிறாள். இதை நிஜமாகவே உருக்கி எடுத்தோம். தேன் நிறத்துக்குள் ஊதா நூல் நூலாகப் பிரிந்து சுற்றுகிறது, எழுத்துகள் ஓரம் வளைந்து உருக்குலைந்து கடைசியில் ஒரே கலங்கலாகிறது. கிராஃபிக்ஸில் இதைக் கொண்டுவர முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடிகையின் முகத்தில் வந்த அந்தப் பதைப்பு நிஜமாக உருகும் பொருளைப் பார்த்ததால் வந்தது. மாற்றுக் கட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும், உருக்கியதை மறுபடி ஊற்றி இறுக வைக்கலாம் என்றாலும் அது அடுத்த நாள் வேலைதான்.

லைட்டிங்கில் பெரிய சவால் சூடு. ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், அதனால் சூடு கக்கும் விளக்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்ஈடிக்கு வந்தோம். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் பரப்பு வெறும் பளபளப்பாகத் தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை. தட்டுக்கு அடியில் இடைவெளி விட்டு ஒரு எல்ஈடி பலகையை வைத்துக் கீழிருந்து வெளிச்சம் கொடுத்தபோதுதான் ஊதா எழுத்து பளிச்சென்று எழும்பியது. ஷாட் முடிந்ததும் பலகையை அணைத்துவிட வேண்டும், அதுவும் மெல்லச் சூடேற்றும்.

அதிகாரியின் அறையில் வரும் மஞ்சள் புள்ளிக் காட்சிக்கு வேறு விதமான வேலை. அசல் புள்ளிகள் அளவில் ரொம்பச் சின்னவை, அவற்றை அப்படியே படம் பிடிக்க நுண்ணோக்கி வேண்டும். நான் ஒரு கட்டத்தை நானே வடிவமைத்து, அரை மில்லிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் புள்ளிகளாக அச்சடித்தேன். மஞ்சள் நிறம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுப் பல்பின் மஞ்சள் கலந்த 2700 கெல்வின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு என்பதால் அந்தத் தாள் சுத்தமான வெள்ளைத் தாளாகத் தெரிகிறது. அதிகாரி பல்பை அணைத்து நீல எல்ஈடியைப் போட்டதும், வெள்ளைத் தாள் முழுக்க நீலத்தை எதிரொளிக்க, புள்ளிகள் மட்டும் கறுப்பாக முளைக்கின்றன. ஒரே ஷாட்டில், எந்த எஃபெக்ட்டும் இல்லாமல். இதற்குக் கேமராவின் வைட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் அமைப்பை, பூட்டி வைக்க வேண்டும், ஆட்டோவில் விட்டால் அது நீலத்தைச் சரிக்கட்டப் பார்க்கும். வெளிச்ச அளவையும் கொஞ்சம் இறக்குங்கள், மொத்த ஒளி சாதாரணமாகத் தெரிந்தாலும் நீல சேனல் மட்டும் முழுதாக வெளுத்துப்போயிருக்கும். மலிவான எல்ஈடி விளக்குகள் மின்சார அலைவரிசையோடு சேர்ந்து துடிப்பதால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், பேட்டரியில் ஓடும் விளக்கை வைத்தால் அந்தத் தலைவலி இருக்காது. டிம்மரைத் திருகாதீர்கள், பல டிம்மர்களும் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துத்தான் மங்கலாக்குகின்றன.

செட் விஷயத்தில் நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965ல் வந்த தன் படத்தில் 'ஆல்ஃபாவில்' என்ற எதிர்கால நகரத்தைக் காட்ட செட்டே போடாமல் அன்றைய பாரிஸின் புதுக் கட்டிடங்களை ராத்திரியில் படம் பிடித்தார், அந்தத் தைரியம் எங்களுக்கும் போதுமாக இருந்தது. ஒரு வெற்றுச் சுவர், ஒரு வரிசை எண் பலகை, எல்லாப் படிவங்களிலும் ஒரே எழுத்துரு, அவ்வளவுதான் எங்கள் அரசாங்கம். ஒலிபெருக்கி அறிவிப்புக்குக் குரலைப் பதிந்து, தொலைபேசியில் கேட்பது போல 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் வெட்டி, அதை ஒரு மாடிப்படிக் கூண்டில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மறுபடி மைக்கில் பதிவு செய்தோம். எதிரொலி நிஜமாக இருக்கிறது. தாள் உரியும் சத்தத்துக்கு மட்டும் மைக்கைத் தட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தனியாக எடுத்தோம், அந்தச் சத்தம்தான் அச்சடிக்கும் காட்சி முழுவதற்கும் தாளம். பின்னணி இசை வேண்டாம் என்று இயக்குநர் முடிவு செய்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சேமித்து வைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டியைப் பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது, மேலே தூசி ஒட்டினால் வெதுவெதுப்பான ஸ்பாஞ்சால் துடைத்துக்கொள்ளலாம். பிரதிகளை மட்டும் வெளிச்சத்தில் போட்டு வைக்காதீர்கள். இந்தச் சாயம் வெயிலில் வேகமாக வெளிறிவிடும், பிறகு ரீஷூட்டுக்கு எடுத்தால் ஐந்தாவது பிரதி முப்பதாவது மாதிரி இருக்கும். நான் எல்லாவற்றையும் எண் வரிசையில் அடுக்கிக் கறுப்பு உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், மூலத்தாளையும் தூக்கிப் போடவில்லை, அதில் கொஞ்சம் சாயம் மிச்சமிருப்பதால் அவசரத்துக்கு இன்னும் சில மங்கலான பிரதிகள் எடுத்துக்கொள்ளலாம்.